அப்பா குதிரையாக இருந்த வருடம்

எங்கள் அப்பா ஏறக்குறைய ஒரு வருடம் குதிரையாக இருந்தார். பகலெல்லாம் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுவார். சாயங்காலம் குளித்து, விபூதி பூசி, டீ குடித்து முடித்ததும், வரவேற்பறையில் நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு குதிரையாகிவிடுவார். சித்தி முதலில் அவர் கண்ணில் படும்படி வந்து நிற்பார். பிறகு மெதுவாகப் புறங்கையை அவர் தோளருகே கொண்டுபோவார். அப்பா தம் பங்குக்குக் காதை ஆட்டப் பார்ப்பார். காது ஆடாது, புருவம்தான் ஆடும்.

ஒருநாள் கோவில் திருவிழாவுக்கு அழைக்க வந்தவர்கள் வாசலிலிருந்தே இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் துள்ளி எழுந்திருப்பார்கள். அப்பா தலையை மட்டும் திருப்பி, "உள்ள வந்து உக்காருங்க அண்ணே, இடுப்புப் பக்கம் மட்டும்தான் பாக்கி" என்றார். வந்தவர்கள் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே இடுப்புப் பக்கம் முடியும்வரை காத்திருந்தார்கள். அந்த வருடம் திருவிழாவில் அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

சித்தி, அம்மாவின் தங்கை. கல்யாணமாகிச் சிரம்பானுக்குப் போனவர், நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஏன் வந்தார், எப்போது திரும்பிப் போவார் என்றெல்லாம் என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் அறையில் இன்னொரு கட்டில் போடப்பட்டது, படுக்கும்முன் கதை பேச ஆள் கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை அது நல்ல ஏற்பாடு.

சித்தியிடம் ஒரே ஒரு வினோதம் இருந்தது. அவரை யாரும் தொடக் கூடாது. பின்னாலிருந்து யாராவது தோளில் கை வைத்தால் உடம்பெல்லாம் விறைத்துப்போகும். தீபாவளியன்று அம்மா எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து தலையில் வைக்கப்போனால், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தானே வைத்துக்கொள்வார். ஒருமுறை நான் விளையாட்டாகப் பின்னாலிருந்து போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். கையிலிருந்த தட்டும் குவளைகளும் கீழே விழுந்து நொறுங்கின. சித்தி என்னைத் திட்டவில்லை. சுவரோடு சுவராக நின்றுகொண்டு என்னையே பார்த்தார். அம்மா என்னைத் தனியாக அழைத்துப்போய், "சித்திக்குக் கூச்சம் ஜாஸ்தி. இனிமே அப்படிச் செய்யாதே" என்றார். எனக்கும் அக்குளில் கூச்சம் உண்டு. ஆகவே அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்படிப்பட்ட சித்திக்குக் கிடைத்த வேலை, பிரிக்பீல்ட்ஸில் ஓர் இயன்முறை சிகிச்சை நிலையத்தில் உதவியாளர் வேலை. தினமும் கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலேறிப் போவார். பக்கவாதம் வந்த தாத்தாக்களின் கைகால்களை நீட்டி மடக்கிவிடுவது, முட்டி தேய்ந்த ஆன்டிகளுக்குப் பிடித்துவிடுவது, இவைதான் வேலை. தன்னைத் தொடவிடாதவர் நாள் முழுவதும் ஊரையே தொட்டுக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியதில்லை. பிள்ளைகளுக்கு அப்படியெல்லாம் தோன்றாது.

அந்த நிலையத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்த ஒரு சீனப் பெண் வந்துகொண்டிருந்தாள். இடைநிலைப் பள்ளி மாணவி. குதிரையிலிருந்து விழுந்தவள். அவள் தோள் சரியாகிக்கொண்டிருந்த நாட்களில், தன் குதிரைக்கும் முதுகில் இறுக்கம் என்றும், அதற்கும் இப்படிப் பிடித்துவிட ஆள் வேண்டும் என்றும் சித்தியிடம் சொல்லியிருக்கிறாள். குதிரைக்கு மசாஜா என்று சித்தி சிரித்திருக்கிறார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பூச்சோங்குக்கு அப்பால் இருந்த அவர்களுடைய லாயத்தில் ஒரு குதிரை டாக்டர் இருந்தார், மலாய்க்காரப் பெண்மணி. தடை தாண்டும் குதிரைகளுக்கும் பந்தயக் குதிரைகளுக்கும் தசைப் பிடிப்பை நீக்கும் முறையை வாரக் கடைசிகளில் அவரே வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நன்றாகக் கற்றுக்கொள்பவர் ஒருவரை லாயத்தில் தமக்கு உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளப் போவதாகவும் சொல்லியிருந்தார். சித்தி அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "மனுஷங்களுக்குப் பிடிச்சுவிட்டாப் பத்தாதா? அது உதைச்சா யாரு பார்க்கிறது?" என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தி பதில் சொல்வதற்குப் பதிலாக, தோலுரித்த குதிரையின் தசைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். தயிர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதன் பின்தொடையைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

வகுப்பு வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் பழகிப் பார்க்க உடம்பு வேண்டுமே. அப்போதுதான் அப்பா, யாரும் கேட்காமலே, நாற்காலிகளை ஒதுக்கினார். "லோரி ஓட்டி எனக்கும்தான் முதுகு வலிக்குது. நான் குதிரையா இருக்கேன் லா" என்றார். மாலையானதும் என்னிடம் கேரட் கேட்பார். சாம்பாருக்கு வைத்திருந்ததை எடுத்துப்போய் நான் அவர் வாயில் கொடுப்பேன். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்ட முதல் பெரிய சிரிப்பு, அப்பா கேரட்டைக் கடித்தபடி கனைத்தபோது அவரிடமிருந்து வந்ததுதான்.

இருந்தாலும் பாடம் பாடம்தான். சித்தி வகுப்பில் கேட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார். வலிக்கிற இடத்தில் முதலில் கை வைக்கக் கூடாது. தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். கையை வைத்ததும் அழுத்தக் கூடாது. அது அங்கே இருக்கட்டும், குதிரைக்கு அது பழகட்டும். கண்ணையும் காதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் இமைத்தால், உதட்டை நக்கினால், வாயை மென்றால், எல்லாவற்றையும்விடக் கொட்டாவி விட்டால், இறுக்கம் விடுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஆசைப்பட்டு இன்னும் அழுத்தக் கூடாது. கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா கை பட்ட உடனே கொட்டாவி விடத் தொடங்கினார். "பொய்க் கொட்டாவி செல்லாது அத்தான்" என்று சித்தி அவர் முதுகில் தட்டுவார். அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று பார்ப்பார். சோறு குழைந்துபோன நாட்கள் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை லாயத்துக்கு அழைத்துப்போனார் சித்தி. அங்கேதான் கோப்பியைப் பார்த்தேன். பால் விடாத கோப்பியின் நிறம், அதனால் அந்தப் பெயர். பந்தயத்தில் ஓடி, அங்கே வேண்டாம் என்றானதும் அந்தச் சீனப் பெண்ணிடம் வந்த குதிரை. சித்தியின் பொறுப்பில் டாக்டர் கொடுத்திருந்தது அதைத்தான். வலது பக்கத்தில் நின்றால் சாதுவாக இருக்கும். இடது பக்கம், சேணத்தின் ஓரம் படுகிற இடத்தில் கை போனால் காது இரண்டும் பின்னால் மடங்கும், பின்னங்கால் தரையைக் குத்தும். பழைய சேணம் சரியாகப் பொருந்தாமல் அந்த இடத்தில் வெகு காலம் வலித்திருக்கிறது என்றார் டாக்டர். அவர் மலாயில் சொன்னதைச் சித்தி எங்களுக்குத் தமிழில் சொன்னார். "புண்ணு எப்பவோ ஆறிடுச்சு. ஆனா ஆறிடுச்சுன்னு அதுக்குத் தெரியல." அப்பா உடனே கோப்பியைப் பார்த்துத் தலையாட்டினார். அம்மா சித்தியைப் பார்த்தார். நான் கோப்பி சாணி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரக் கடைசிகளில் நானும் போய் வேலியில் உட்கார்ந்துகொள்வேன். பார்க்க ஒன்றும் இருக்காது என்பதுதான் உண்மை. சித்தி கோப்பியின் வலது கழுத்தில் கை வைத்துக்கொண்டு நிற்பார். வெகுநேரம் கழித்து இன்னொரு இடம். இடது பக்கம் போவார், காது மடங்கும், கையை எடுத்துவிட்டுப் பழையபடி கழுத்துக்கு வருவார். கோபமே வராது அவருக்கு. பல வாரங்கள் இப்படியே போயின. ஒருநாள் கை அந்த இடத்தில் இருந்தது. கோப்பி தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடி, தாடையைக் கோணலாக்கி, பல்லெல்லாம் தெரிய ஒரு கொட்டாவி விட்டது. பின்னாலேயே இன்னொன்று. சித்தி கையை எடுத்துவிட்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்து, கொட்டாவிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று ஆச்சரியப்பட்டேன்.

அதன் பிறகு கோப்பி தடைகளைத் தாண்டத் தொடங்கியது. லாயத்துத் திடலிலேயே போட்டி ஒன்று வந்தது. அந்தப் பெண் தோள் சரியாகி முதல்முறையாகக் கலந்துகொள்ளப் போகும் போட்டி. உதவியாளராக யார் என்பதையும் போட்டி முடிந்ததும் சொல்வதாக டாக்டர் அறிவித்திருந்தார். பிரிக்பீல்ட்ஸ் நிலையத்தில் பலர் இருக்கிற அறையில் யாராவது பின்னால் வந்து நின்றாலே சித்திக்குக் கை ஓடாது. குதிரைகளோடு இருக்கும்போது அப்படி இல்லை. அந்த வேலை கிடைத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

போட்டி நெருங்க நெருங்க வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. போட்டிக் குதிரையின் தோலில் தைலம், களிம்பு எதுவும் படக் கூடாது. சூடம் கலந்தது கூடாது, மிளகாயின் காரம்கூடக் கூடாது. வலியை மறைக்கிற மருந்து என்று சோதனையில் பிடிபட்டுவிடும். சித்தி மிளகாய் நறுக்குவதை நிறுத்தினார். சம்பால் அரைக்கும் நாளில் அடுப்படிப் பக்கமே வரவில்லை. "உன் குதிரையால எங்களுக்குப் பத்தியச் சாப்பாடு" என்று அம்மா முணுமுணுத்தார், ஆனால் மிளகாயைக் குறைத்தார். இந்தச் சட்டங்கள் சொல்லப்பட்ட மாலைகளில் அப்பா குதிரையாக இருந்தார். குதிரைகள் பாடத்தைக் கவனிப்பதில்லை.

அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் பச்சைத் தைலப் புட்டி இருக்கும். தலைவலிக்கு, வயிற்றுவலிக்கு, கொசுக்கடிக்கு, சாலை நெரிசலுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். நான் பிறந்த செய்தியைக் கேட்டதும் மயக்கம் வந்து அதைத்தான் முகர்ந்தாராம்.

போட்டியன்று காலை பக்கத்து வீட்டு வேனை வாங்கிக்கொண்டு, புளிச்சோறும் கட்டிக்கொண்டு குடும்பமாகப் போனோம். சித்தி கோப்பிக்கு லேசாகப் பிடித்துவிட்டு, டாக்டர் கூப்பிட்டதால் அந்தப் பக்கம் போனார். அம்மா சாப்பாட்டுக் கூடைக்குக் காவல். லாயத்து வாசலில் அப்பாவும் நானும் மட்டும். அப்போது கோப்பி ஒரு பின்னங்காலை மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. குதிரைகள் ஓய்வாக இருக்கும்போது அப்படித்தான் நிற்கும். அப்பாவுக்கு அது தெரியாது. "காலு வலிக்குதுடா பாவம்" என்றார். சக குதிரையின் கஷ்டம் அவருக்குத் தாங்கவில்லை. புட்டியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்து, சித்தி செய்வதைப் போலவே புறங்கையைக் காட்டி அனுமதி கேட்டுவிட்டு, தொடையில் பதமாகத் தேய்த்துவிட்டார். கோப்பி திரும்பி அவர் கையை முகர்ந்தது. கழுத்தை உயர்த்தி மேலுதட்டை மடித்துப் பல்லைக் காட்டியது. "பாரு, சிரிக்குது" என்றார் அப்பா. நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

சித்தி திரும்பி வந்தபோது வாசலிலேயே வாசனை எட்டியிருக்க வேண்டும். அவர் கோப்பியைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தார். அப்பாவுக்கு அந்தப் பார்வையிலேயே எல்லாச் சட்டங்களும் ஒன்றாக நினைவுக்கு வந்துவிட்டன. லோரியில் ஏறினால் புலி மாதிரி இருக்கிற மனுஷன், முகம் வெளுத்து நின்றார். குழாய் பக்கத்திலேயே இருந்தது. லாயத்தில் வேறு யாரும் இல்லை. "சோப்புப் போட்டுக் கழுவிடலாம்மா. யாருக்குத் தெரியப்போகுது" என்று மெல்லச் சொன்னார்.

சித்தி குழாயைப் பார்த்தார். அந்தப் பெண் தொப்பியும் பூட்ஸுமாகத் திடலின் மறுகோடியில் தடைகளுக்கு நடுவே நடந்து தூரம் அளந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். கோப்பியின் கழுத்தில் கை வைத்தபடி நின்றார். பிறகு டாக்டரை நோக்கி நடந்தார். அப்பா ஓடிப்போய், "நான்தானே பண்ணேன், நானே சொல்றேன்" என்றார். "என் குதிரை அத்தான். நான்தான் சொல்லணும்" என்றார் சித்தி. இருந்தாலும் அப்பா பின்னாலேயே போய், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கும் பையனைப் போலப் புட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

கோப்பியின் பெயர் போட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பெண் கோப்பியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தைல வாசனைக்கு நடுவிலும் அழ முடிந்தது அவளால். பிறகு பேசலாம் என்று மட்டும் டாக்டர் சித்தியிடம் மலாயில் சொன்னார். பிறகு என்றால் எப்போது என்று சித்தி கேட்கவில்லை. புளிச்சோற்றை யாரும் பிரிக்கவில்லை.

சித்திக்கு அந்த வேலை கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. மறுவாரம் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். கை வேலையைக் கற்றுக்கொடுத்துவிடலாம், தானே வந்து சொல்கிற குணம் கற்றுக்கொடுத்து வராது என்றாராம். கோப்பியும் அடுத்தடுத்த போட்டிகளில் தாண்டியது. இன்று சித்தி நாடு முழுக்க லாயம் லாயமாகப் போகிறார், அவரிடமே கற்றுக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். அன்று வேனில் ஏறிய எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் கதவை மூடினோம்.

அப்பா ஓட்டினார். நான் முன்னிருக்கையில். அம்மாவும் சித்தியும் பின்னால். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். வெளியே எறியச் சொன்னாரா, வைத்துக்கொள்ளச் சொன்னாரா, தெரியவில்லை. அம்மா வாங்கிக்கொண்டார்.

சித்தி ஜன்னலில் தலையைச் சாய்த்து, கழுத்தை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே இறுகிப்போயிருந்தது அந்தக் கழுத்து. நான் இருக்கையில் மண்டியிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். அம்மா புட்டியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் உரசிச் சூடாக்கினார். பிறகு சித்தி பார்க்கும்படியாகக் கையை முன்னால் நீட்டிக் காட்டினார். கழுத்துக்குப் போகவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, கழுத்துக்கு வெகு தூரத்தில் வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் அத்தனை மாலைகள் கரண்டியோடு நின்றவர் அம்மா.

சித்தியின் உடம்பு விறைத்தது. நகரவில்லை. வெகுநேரம் கழித்து அம்மாவின் கை தோளுக்கு வந்தது. அங்கேயே இருந்தது. பிறகு கழுத்துக்கு வந்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு நீளமாக வெளியே வந்தது, பிறகு கையால் மறைக்கக்கூட இல்லாமல் ஒரு பெரிய கொட்டாவி விட்டார். பின்னாலேயே இன்னொன்று. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கொட்டாவி விட்டால் எனக்கும் அப்படித்தான் வழியும். "சித்தி, தூக்கம் வருதா?" என்று கேட்டேன். அம்மா கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு மறுபடியும் வைத்தார். வேன் முழுவதும் தைல வாசனை.

எனக்குப் பசி. திரும்பி நேராக உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்குப் பிரியும் சாலை வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை, திரும்பவும் இல்லை. பெயர்ப் பலகை மழையில் எங்களைக் கடந்து போனது. "அப்பா, நம்ம வழி போயிருச்சு" என்றேன். அவர் கண்ணாடியில் பின்னிருக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமா லா, கவனிக்கல" என்றார். துறைமுகம்வரை போய், பண்டமாரான் பக்கமாகச் சுற்றி, இன்னொரு முறையும் வழியைத் தவறவிட்டு, மழையெல்லாம் விட்ட பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே தினமும் அந்தச் சாலையில் லோரி ஓட்டியவர் எங்கள் அப்பா. அன்று பாவம் வழி தெரியாமல் போய்விட்டது என்று பள்ளியில் தோழிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.